நம்ம வீட்டு ரெண்டு ஓட்டு

முத்திருளன் இறந்த பிறகு அந்த வீட்டில் தையல் மிஷின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லாமல் போயிற்று.

அதற்கு முன் அது ஆள் நடமாட்டம் ஓயாத வீடு. நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி மேற்கே போகிற சாலையில் இருக்கிறது வடகரைப்பட்டி பேரூராட்சி. அங்கே முத்திருளன் குடைக் கட்சியின் வார்டு செயலாளர். ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க, முதியோர் பென்ஷனுக்கு எழுதிக் கொடுக்க, புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்க்க என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். கட்சிக்காரர்கள் மாநாட்டுக்கு வேன் பிடிப்பது பற்றி முன் அறையில் உட்கார்ந்து சத்தமாகப் பேசுவார்கள். அதே அறையின் ஓரத்தில் பாண்டீஸ்வரி ரவிக்கைக்கு ஓரம் அடித்துக்கொண்டு, நடுவில் எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்து வைப்பாள்.

அவளும் குடைக் கட்சி உறுப்பினர்தான். கல்யாணமான வருஷமே முத்திருளன் அவள் போட்டோவை ஒட்டி அட்டை வாங்கிக் கொடுத்துவிட்டார். அதன்பின் ஒவ்வொரு முறை உறுப்பினர் சேர்க்கை நடக்கும்போதும் முதலில் புதுப்பிப்பது அவள் அட்டையைத்தான். "நம்ம வீட்டு ரெண்டு ஓட்டு மொத ஓட்டு" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லுவார். அவளிடம் ஒருதரம்கூடக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை.

உண்மையில் அந்த வீட்டிலிருந்து குடைக்கு விழுந்தது ஒரு ஓட்டுதான்.

மகள் முத்துமீனா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அது தொடங்கியது. அப்போது குடைக் கட்சி ஆட்சி. பெண்பிள்ளைகள் நடந்து போகிற பாதையில் மதுக்கடை திறந்தார்கள். தெருப் பெண்கள் எல்லோரும் கூடி மனுக் கொடுக்கப் போனபோது பாண்டீஸ்வரியையும் கூப்பிட்டார்கள். அவள் முத்திருளனைப் பார்த்தாள். "கட்சி முடிவு பண்ணுன விஷயம். நீ போயி நின்னா எம் மூஞ்சிய எங்க வைக்கிறது?" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். அவள் போகவில்லை. அடுத்து வந்த தேர்தலில், அட்டை மறைப்புக்குப் பின்னால் ஓட்டு மிஷினுக்கு முன் தனியாக நின்றபோது, அவள் விரல் குடையை விட்டுக் கீழே இறங்கி எதிர்க்கட்சியின் படகுக்குப் போனது. கீச்சென்று சத்தம் வந்ததும் யாருக்காவது தெரிந்திருக்குமோ என்று திரும்பிப் பார்த்தாள். வெளியே வந்தால் முத்திருளன் மையிட்ட விரலைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றார். அவளும் விரலைக் காட்டினாள்.

அதற்காக அவள் படகுக் கட்சிக்காரியாகிவிடவில்லை. ஒரு தேர்தலில் படகுக்குப் போட்டாள், இன்னொன்றில் சுயேச்சைக்குப் போட்டாள், ஒருமுறை குடைக்கே போட்டாள். ஒவ்வொரு முறையும் யோசித்துப் போட்டாள். வீட்டில் எந்தக் குழம்பு வைப்பதென்பதுகூட அவர் ஆசைப்படிதான். அந்த மறைப்புக்குள் இருக்கிற கொஞ்ச நேரம் மட்டும் அவளுடையதாக இருந்தது.

கட்சி தோற்ற நாட்களில்தான் கஷ்டமாக இருக்கும். முத்திருளன் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். "எங்க தப்புப் பண்ணுனோம்னு தெரியலையே பாண்டி. நம்ம ஆளுகளே குத்திட்டாய்ங்களே" என்பார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுவாள். சொல்லிவிடலாமா என்று தொண்டை வரைக்கும் வரும். சோற்றைப் பிசைந்து கையில் கொடுப்பாளே தவிர, சொன்னதில்லை.

ஒரு கார்த்திகை மாதம் நெஞ்சுவலி என்று படுத்தவர் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார். கட்சிக்காரர்கள் வந்து உடம்பின் மேல் கொடியைப் போர்த்தினார்கள். மயானம் வரைக்கும் தூக்கிப் போனவர்களில் முன்னால் நின்றவன் அழகுபாண்டி. முத்திருளன் கையைப் பிடித்துக் கட்சிக்கு வந்தவன். இப்போது பேரூர்ச் செயலாளர். அண்ணே அண்ணே என்று அவன் அழுததைப் பார்த்து ஊரே அழுதது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. முத்துமீனா கோயம்புத்தூருக்குக் கிளம்பினாள். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வரை போய் அவளை ஏற்றிவிட்டு வந்து பாண்டீஸ்வரி கதவைத் திறந்தாள். கட்சிக்காரர்களுக்காக வாங்கிப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்றாக மூலையில் இருந்தன. அதன்பின் அவற்றைப் பிரித்துப் போட வேண்டிய தேவை வரவில்லை. தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் நின்றபடியே அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள். துக்க வீட்டில் உட்கார்ந்து கதை பேசக் கூச்சப்பட்டார்களோ என்னவோ. மகள் வாரத்துக்கு ஒருமுறை போன் பேசுவாள். மற்ற நேரமெல்லாம் மிஷின்தான்.

முதல் நினைவு நாளன்று கட்சிக்காரர்கள் வந்து கொல்லையில் சாப்பிட்டுப் போனதோடு சரி. அதற்கடுத்த தைப் பொங்கல் கழிந்ததும் பேரூராட்சித் தேர்தல் வந்தது. அவர்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு காலையில் அழகுபாண்டி பத்துப் பதினைந்து பேரோடு வந்து வாசலில் நின்றான். மூலையில் கிடந்த நாற்காலிகளை அவர்களே எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"மதினி, இந்த வாட்டி நம்ம வார்டுல நீங்கதான் நிக்கணும்" என்றான்.

பாண்டீஸ்வரிக்கு முதலில் புரியவில்லை. "நானா? எனக்கு என்ன தெரியும் தம்பி?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரிய வேணாம். அண்ணன் முகத்துக்கு ஓட்டு விழும். அம்புட்டு வேலையும் நாங்க பாத்துக்கிறோம். அண்ணன் போன பெறகு நாங்க இந்த வீட்டுக்குச் செய்யிற மரியாதை இது."

அவள் டீ போட உள்ளே போனாள். பால் பொங்குகிறவரை அடுப்பருகே நின்றாள். முன் அறையில் பேச்சும் சிரிப்பும் கேட்டது. யாரோ ஒருவர் இருமினார். யாரோ நாற்காலியை இழுத்தார். அந்தச் சத்தங்களைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை காலமாயிற்று இந்த வீட்டில் இருமல் கேட்டு! வேண்டாம் என்று சொன்னால் இவர்கள் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். மறுபடி நாற்காலிகளை அடுக்க வேண்டும்.

போனில் முத்துமீனாவும் அதையே சொன்னாள். "நில்லும்மா. வீட்டுல தனியாத்தான கெடக்க. நாலு சனத்தப் பாப்பேல்ல?"

அவள் சரி என்றாள்.

படகுக் கட்சி சார்பில் நின்றவள் ரோகிணி. கீழத்தெருப் பெண். பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படித்தவள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். போன கோடையில் குழாயில் தண்ணீர் வராமல் போனபோது, காலிக் குடங்களோடு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேரூராட்சி அலுவலக வாசலில் உட்கார்ந்து, மோட்டார் மாட்டுகிற வரைக்கும் எழுந்திருக்காதவள். அவளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பதும் பாண்டீஸ்வரிதான். ரோகிணி என்றைக்காவது தேர்தலில் நின்றால் அவளுக்குத்தான் போட வேண்டும் என்று அந்தக் கோடையிலேயே மனசுக்குள் முடிவு செய்துவைத்திருந்தாள்.

தைக்கக் கொடுத்திருந்ததை வாங்கிப் போக ரோகிணி வந்தாள். பாண்டீஸ்வரி ரவிக்கைகளை மடித்துப் பையில் போடத் தொடங்கினாள்.

"கேள்விப்பட்டேன்க்கா" என்றாள் ரோகிணி. "நீங்க நிக்கிறீகளாமே."

"நிக்கச் சொல்லிட்டாங்க."

"உங்க ஓட்டு எனக்குத்தான்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

பாண்டீஸ்வரியின் கை நின்றது. "யாரு சொன்னா அப்படி?"

"யாரும் சொல்லல. தண்ணிக்கு உக்காந்தப்ப நீங்க வரல. ஆனா அன்னைக்குச் சாயங்காலம் தச்ச துணிய நீங்களே வீட்டுக்குக் கொண்டாந்து குடுத்தீக. ஒரு நாளும் அப்படிக் கொண்டாந்ததில்லையே. அதான் ஒரு நெனப்பு." ரோகிணி சிரித்தாள். "சரிக்கா, போட்டின்னு வந்துருச்சு. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீக. வாரேன்."

அவள் போன பிறகு பாண்டீஸ்வரி வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் மனசு எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஊகித்தவள் இவள் ஒருத்திதான். இவளை எதிர்த்துத்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

பிரசாரம் நன்றாகவே போனது. கையில் ஒரு குடையை விரித்துக் கொடுத்துவிட்டார்கள். தெருத்தெருவாக நடந்தாள். ஆரத்தி எடுத்தார்கள். "நம்ம முத்திருளன் சம்சாரம்ப்பா" என்று முன்னால் போகிறவர்கள் சொல்லிக்கொண்டே போவார்கள். கும்பிட்டபடி பின்னால் போவாள். முதல் இரண்டு நாள் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. மூன்றாம் நாள் ஊருணிக்கரைக் காலனியில் ஒரு பெண், "ஓட்டுக் கேக்க வாரீக, எங்களுக்கு என்ன செய்வீகன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, கூட வந்தவுக சொல்ல வேணாம்" என்று மறித்துக்கொண்டாள்.

பாண்டீஸ்வரி ஊருணியைப் பார்த்தாள். காலனிக்காரர்கள் துணி துவைப்பதும், போர்வெல் பழுதானால் குடிக்க எடுப்பதும் அதில்தான். "உங்க ஊருணியக் கெடுக்க விட மாட்டேன்" என்றாள். அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. "எம் மக மாதிரி பிள்ளைக இதுல தண்ணி எடுக்குதுக. என்னால ஆனத நான் செய்வேன்."

கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். அழகுபாண்டி பக்கத்தில் வந்து, "பிச்சுட்டீக மதினி! அண்ணன் பேசுன மாதிரியே இருக்கு" என்றான். அது அவள் பேசியதென்று யாருக்கும் தோன்றவில்லை.

தினமும் சாயங்காலம் வீடு நிறைந்திருந்தது. கொல்லையில் பிரியாணி வெந்தது. எல்லோரும் அவளை அக்கா, மதினி, அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் நடுவில் உட்கார்ந்திருந்த அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. எந்தத் தெருவில் எத்தனை ஓட்டு என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். டீ வேண்டுமா என்று அவள் கேட்டால் மட்டும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஓட்டுப் போடுகிற அன்று முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும் என்றான் அழகுபாண்டி. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். பள்ளிக்கூட வாசலில் செல்போனில் படம் எடுத்தார்கள். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டு, மை வைத்துக்கொண்டு, மறைப்புக்குப் பின்னால் போனாள்.

மிஷினில் அவள் பெயர் இருந்தது. பாண்டீஸ்வரி மு. பக்கத்தில் குடை. நோட்டீசில்கூட முத்திருளன் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில்தான் அது இருந்தது. கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் தன் பெயரை இப்படி எடுப்பாக அச்சில் பார்ப்பது இப்போதுதான். அதற்குக் கீழே ரோகிணி, படகு.

தனக்குத்தானே போட்டுக்கொள்வதில் தப்பு ஒன்றும் இல்லையே என்று நினைத்தாள். எல்லா வேட்பாளரும் செய்வதுதானே. ஆனால் அந்தப் பெயரைப் பார்க்கப் பார்க்க, அது யாரோ ஒரு பெண் என்று தோன்றியது. கட்சி கொண்டுவந்து நிறுத்தி, கையில் குடையைக் கொடுத்து, முன்னால் நடக்கச் சொன்ன ஒரு பெண். இந்த வார்டுக்கு யார் நல்லது என்று இத்தனை தேர்தலாக யோசித்துப் போட்ட பெண் வேறு. அவள் இன்றைக்கும் யோசித்துத்தான் போடுவாள்.

"என்னம்மா, பட்டன் தெரியலையா?" என்று வெளியிலிருந்து தேர்தல் அலுவலர் கேட்டார்.

"வேட்பாளரே திணறுறாங்கப்பா" என்று ஏஜென்டுகள் சிரித்தார்கள்.

பாண்டீஸ்வரி படகை அமுக்கினாள். வெளியே வந்ததும் அழகுபாண்டி இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "மொத ஓட்டு! ராசியான கை!"

ஓட்டு எண்ணிக்கை முடிந்தபோது அவள் ஜெயித்திருந்தாள். வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். வெடி வெடித்தார்கள். கழுத்து நோகிற அளவுக்கு மாலை போட்டார்கள். ரோகிணி வந்து கை கொடுத்துவிட்டு, "நல்லாச் செய்யுங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் முதுகைப் பார்த்தபோது, உனக்குத்தான் போட்டேன் என்று ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. சொன்னால் கேலி செய்கிறதாக நினைப்பாள்.

பதவியேற்பு முடிந்ததும் கூட்டம் கரைந்துவிட்டது. வார்டு வேலைகளை அழகுபாண்டி பார்த்துக்கொண்டான். மனுக்கள் அவன் வீட்டுக்குப் போயின. கையெழுத்து வேண்டியபோது யாரிடமாவது காகிதத்தைக் கொடுத்தனுப்புவான். வந்தவர் நின்றுகொண்டே வாங்கிப் போவார். ஜெயித்த பிறகு தைக்கக் கொடுக்க வருகிறவர்களும் குறைந்தார்கள். கவுன்சிலரிடம் போய் ரவிக்கை தைக்கச் சொல்வதா என்று யோசித்தார்களாம். நாற்காலிகள் மறுபடி மூலைக்குப் போயின.

மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் ஒரு மன்றக் கூட்டத்தில் அந்தத் தீர்மானம் வந்தது. பேரூராட்சியின் குப்பைக் கிடங்கை ஊருணிக்கரைக்கு மாற்றுவது. செயல் அலுவலர் எழுந்து படித்தார். சாலை வசதி இருக்கிறது, அரசுப் புறம்போக்கு, ஆட்சேபணை எதுவும் இல்லை என்று படித்துக்கொண்டே போனார். ஆட்சேபணை இல்லையா? கிடங்கு இங்கே வேண்டாமென்று காலனிப் பெண்கள் கையெழுத்துப் போட்டு, போன மாசம் ரோகிணி கொடுத்த மனு என்ன ஆயிற்று? பாண்டீஸ்வரி சுற்றிலும் பார்த்தாள். படகுக் கட்சி கவுன்சிலர்கள் நாலு பேரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குப்பை அள்ளுகிற ஒப்பந்தத்தில் இரண்டு கட்சிக்கும் பங்கு பேசி முடித்தாயிற்று என்று பின்னால்தான் அவளுக்குத் தெரிந்தது.

"ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார் தலைவர்.

எல்லாக் கைகளும் எழுந்தன. குடையும் படகும் ஒன்றாக. அவள் கை மடியில் இருந்தது. தலைவர் அவளைப் பார்த்து, தூக்கும்மா என்று தலையை அசைத்தார்.

இங்கே மறைப்பு எதுவும் இல்லை. வெளிச்சமான கூடம். எதிரே எல்லா முகங்களும்.

"எதிர்க்கிறவங்க?" என்றார் தலைவர், காகிதத்தை மடிக்கத் தொடங்கியபடியே.

பாண்டீஸ்வரி கையைத் தூக்கினாள். இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.

"அம்மா, தெரியாமத் தூக்கிட்டீங்களா? இது எதிர்ப்புக்கு" என்றார் செயல் அலுவலர்.

"தெரிஞ்சுதான் தூக்குனேன்" என்றாள். "எதிர்ப்புன்னு எழுதிக்கங்க."

தீர்மானம் நிறைவேறியது. வெளியே வந்தபோது யாரும் அவளோடு நடக்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

அன்று சாயங்காலம் அழகுபாண்டி தனியாக வந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு, முத்திருளன் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தான். முகம் வாடியிருந்தது.

"என்னைய மாவட்டத்துல கூப்புட்டு நாயாட்டம் பேசிட்டாக மதினி. அது கெடக்கட்டும். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அண்ணன் இருந்திருந்தா இதச் செஞ்சிருப்பீகளா?"

பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. "அவுக இருக்கும்போதே செஞ்சுக்கிட்டுத்தான் இருந்தேன் தம்பி."

"என்ன செஞ்சீக?"

"ஓட்டு. குடைக்குப் போடாம இருந்திருக்கேன். ஒருதரம் ரெண்டுதரம் இல்ல. போன எலெக்சன்லகூட நான் எனக்குப் போடல."

அவன் அவளையே பார்த்தான். முதலில் விளையாட்டென்று நினைத்த மாதிரி ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது. பிறகு கண் படத்துக்குப் போனது.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நல்லவேள" என்றான் அழகுபாண்டி. குரல் உடைந்திருந்தது. "நல்லவேள மதினி. தெரியாமயே போய்ச் சேந்தாரு."

எழுந்து, நாற்காலியை மூலையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவன் சொன்ன அந்த நல்லவேளை என்ற சொல் பாண்டீஸ்வரியை விட்டுப் போகவில்லை. அப்படித்தானா? சொல்லியிருந்தால் முத்திருளன் ரெண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டார். ஒரு மாசம் பேசியிருக்க மாட்டார். அதற்கப்புறம் ஒருநாள், ஏன் என்று கேட்டிருப்பார். அவள் பதில் சொல்லியிருப்பாள். அந்த ஒரு பேச்சு அவர்களுக்குள் நடக்காமலே போய்விட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சோறு பிசைந்து கொடுத்த நாட்களிலும் தான் இப்படியேதான், தனியாகத்தான், இருந்தோம் என்று அவளுக்குப் பட்டது.

இரண்டு நாளில் கட்சிப் பத்திரிகையில் வந்தது. கட்டுப்பாட்டை மீறிச் செயல்பட்டதால் அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் பாண்டீஸ்வரி நீக்கப்படுகிறார். கட்சியினர் யாரும் அவரோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ள வேண்டாம். இதைப் படித்துவிட்டுப் படகுக் கட்சியிலிருந்து ஒருவர் சால்வையோடு வந்தார். அட்டை ரெடி, இணைகிற விழாவுக்குப் பெரிய தலைவரையே வரவழைக்கலாம் என்றார்.

"உங்க ஆளுக நாலு பேரும் அன்னைக்குக் கையத் தூக்குனாகளே, அவுகளுக்கு என்ன பண்ணுனீக?" என்று கேட்டாள். அவர் சால்வையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

முத்துமீனா போனில் அழுதாள். "எல்லாத்தையும் போட்டுட்டு இங்க வந்துரும்மா. அந்த ஊர்ல உன்னோட பேச யாரும்மா இருக்கா?"

"ஓட்டுப் போட்டவுகளுக்குப் பதில் சொல்லணும்ல" என்றாள் பாண்டீஸ்வரி. சொல்லிவிட்டு, அப்படிப் போட்டவர்களில் தான் இல்லையே என்று நினைத்து லேசாகச் சிரித்துக்கொண்டாள். மகளுக்கு அது புரியவில்லை.

ஊருணிக்கரைக்கு முதல் குப்பை லாரி வந்த அன்று பெண்கள் பாதையில் உட்கார்ந்தார்கள். பாண்டீஸ்வரியும் போனாள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. குடைக் கட்சியில் ஜெயித்தவள், யார் அனுப்பி வந்திருக்கிறாளோ என்று பார்த்தார்கள். ரோகிணி மட்டும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். வெயில் ஏறுகிறவரை பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ரோகிணி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். கட்சி பற்றி இருவரும் பேசவில்லை. தாசில்தார் வந்தபோது, மன்றத்திலேயே எதிர்ப்புப் பதிவாகியிருக்கிறது என்று ரோகிணி எடுத்துச் சொன்னாள். லாரி திரும்பிப் போயிற்று. மறு உத்தரவு வரும் வரை நிறுத்திவைப்பு என்றார்கள். அந்த உத்தரவு இன்னும் வரவில்லை. எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

கார்த்திகையில் முத்திருளன் நினைவு நாள் வந்தது. போன வருஷம் கட்சிக்காரர்கள் வந்து படத்துக்கு மாலை போட்டு, கொல்லையில் பந்தி போட்டுச் சாப்பிட்டுப் போனார்கள். இந்த வருஷம் யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்தும் பாண்டீஸ்வரி அவருக்குப் பிடித்த ஆட்டுக்கறிக் குழம்பைக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தாள். மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. இலை போட்டுப் படைத்தாள்.

உச்சி வேளையில் அழகுபாண்டி வந்தான். கட்சிக் கரை வேட்டி கட்டாமல், லுங்கியோடு வந்திருந்தான். கையில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வாங்கிய ரோஜா மாலை. படத்துக்குப் போட்டான். கும்பிட்டான். அவள் பக்கம் பார்க்கவில்லை.

"சாப்புட்டுப் போங்க தம்பி."

"இல்ல மதினி. யாராச்சும் பாத்தா…" என்று இழுத்தான். வாசல் வரை போனவன் அங்கேயே நின்றான். தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"எங்க வீட்டுல அவ… உங்ககிட்டத்தான அம்புட்டு ரவிக்கையும் தைக்கக் குடுப்பா."

"ஆமா. என்ன தம்பி?"

"ஏதாச்சும் சொல்லியிருக்காளா?"

"எதப் பத்தி?"

அவன் தலையைச் சொறிந்தான். "ஓட்டுதான். எதுக்குப் போடுறா என்னன்னு. உங்ககிட்டப் பேசிட்டுப் போனதுல இருந்து அவளப் பாக்குறப்பெல்லாம் ஒரு மாதிரியா இருக்கு. கேக்கலாம்னு வாயத் தொறப்பேன். முடியல."

பாண்டீஸ்வரி அந்தப் பெண்ணை நினைத்துப் பார்த்தாள். பல வருஷமாக வருகிறாள். கையைத் தூக்கி அளவு கொடுப்பாள். கழுத்து கொஞ்சம் இறக்கமாக வேண்டும் என்பாள். பிள்ளைகள் படிப்பைப் பற்றிச் சொல்லுவாள். அவளும் அந்த மறைப்புக்குப் பின்னால் தனியாகத்தான் நின்றிருப்பாள். அங்கே அவள் விரல் எங்கே போனது என்று பாண்டீஸ்வரிக்குத் தெரியாது. கேட்டதுமில்லை. எதிரெதிரே நின்று, ஒருத்தி இன்னொருத்தியின் தோளை டேப்பால் அளந்துகொண்டு, இரண்டு பேரும் சும்மாவே இருந்திருக்கிறார்கள்.

"எனக்குத் தெரியாது தம்பி" என்றாள்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். வீட்டுக்குப் போயி நீங்களே கேளுங்க. சண்டை போடாமக் கேளுங்க."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டே, "கொழம்பு மட்டும் வேணா ஒரு வாளியில ஊத்திக் குடுங்க. அவளுக்கு உங்க கைப்பக்குவம் பிடிக்கும்" என்றான்.

அவள் தூக்குவாளியைக் கழுவித் துடைத்து, கறியாகப் பார்த்து அள்ளிப் போட்டு, மூடிக் கொடுத்தாள். அதை லுங்கி மடிப்போடு மறைத்துப் பிடித்துக்கொண்டு அவன் வேகமாக நடந்து போனான். தெருமுனை திரும்புகிறவரை பார்த்துவிட்டு உள்ளே வந்து, தனக்கு ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள் பாண்டீஸ்வரி.